துருவ ஒளி வானத்தின் கடத்துத்திறன்: கிருஷ்ணகிரியில் சரிபார்த்த ஒரு கணக்கு

தரையில் ஒரு காந்தமானி. அமைதியான நாளில் அது காட்டும் அளவிலிருந்து புவிக்காந்தத்தின் கிடைக்கூறு, அதாவது தரைக்கு இணையான பங்கு, 500 நானோடெஸ்லா சரிந்திருக்கிறது. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அந்த ஊருக்கு மேலே 110 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் (காற்று மின்னேற்றம் பெற்றுக் கிடக்கும் மேலடுக்கு) அன்றைக்கு எவ்வளவு தாராளமாக மின்சாரம் கடத்தியது என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. அது தரும் விடையை எதுவரை நம்பலாம் என்பதைப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

கேள்வியைக் கொண்டுவந்தவர் தருமபுரியில் இயற்பியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவர், எனக்குத் தம்பி முறை. நான் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் போர் பாயிண்ட் பார்த்துச் சொல்கிறவன். புவி இயற்பியல் படித்துவிட்டுப் பிழைப்புக்காகத் தண்ணீர் தேடப் போனவன் என்பதால், காந்தம், மின்தடை என்று எது வந்தாலும் சொந்தக்காரர்கள் என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

நிகழ்வு 2024 மே மாதத்துப் புயல். சூரியனில் 13664 என்று எண்ணிட்ட கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய பிளாஸ்மா மேகங்கள், மே 10-ஆம் தேதி நம் நேரப்படி இரவு பத்தரை மணியைத் தாண்டி பூமியை வந்து இடித்தன. புவிக்காந்தக் கலக்கத்தை அளக்கும் கேபி குறியீடு அதன் உச்சமான 9-ஐத் தொட்டது. உலகளாவிய காந்தச் சரிவைக் காட்டும் டிஎஸ்டி குறியீடு மறுநாள் காலை மைனஸ் 400 நானோடெஸ்லாவுக்குக் கீழே போனது. ஜி5 என்ற உச்சத் தரத்தில் 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் புயல் அது. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தின் கேமராவில் வானம் சிவப்பாகப் பதிவானது. அந்தப் படம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. தம்பியின் புராஜெக்ட்டும் அந்தப் படத்தில்தான் தொடங்கியது.

புயல் நேரத்துக் காந்தப் பதிவுகளிலிருந்து அயனி மண்டலக் கடத்துத்திறனை மதிப்பிடுவதுதான் தலைப்பு. வழிகாட்டி ஒரு அனுபவச் சூத்திரத்தை, அதாவது பழைய அளவுகளைப் பார்த்துப் பொருத்திய சூத்திரத்தை, கொடுத்திருந்தார். தம்பி இரண்டு பத்திகளில் கணக்குப் போட்டிருந்தார். ஒன்று துருவ ஒளி வளையத்துக்குக் கீழே உள்ள ஒரு வட அட்சரேகை நிலையம். மற்றொன்று, ‘நம்ம பக்கமும் ஒண்ணு இருக்கட்டும்’ என்று சேர்த்த ஒரு தென்னிந்திய நிலையம். இரண்டாவது பத்தி வினோதமாக வந்திருந்தது.

“ஃபார்முலால போட்டா ரெண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருதுண்ணா. நம்ம தலைக்கு மேலயும் அலாஸ்கா மாதிரி கண்டக்ட் ஆயிருக்குன்னு எழுதிடலாமா?”

“எழுதலாம். அதுக்கு முன்னாடி அங்க கரண்ட் எங்க ஓடுச்சு, இங்க எங்க ஓடுச்சுன்னு சொல்லு.”

அவருடைய தாளில் எண்கள் நிறைய. இங்கே அவற்றை அப்படியே எடுக்கவில்லை. நடுத்தரமான ஒரு துணைப்புயலில் (துருவ ஒளிப் பகுதியில் ஒன்றிரண்டு மணி நேரம் வந்து போகும் காந்தக் கலக்கம்) வழக்கமாக வரக்கூடிய 500 நானோடெஸ்லா என்ற முழு எண்ணை வைத்தே கணக்கை நடத்துகிறேன். முறை புரிந்தால் போதும்.

கையில் இருப்பது பாதிக் கணக்கு

போர் பாயிண்ட் பார்ப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த இடம் சுலபம். மாந்தோப்பில் நேர்கோட்டில் நாலு இரும்புக் கம்பி அடிப்போம். சித்திரை மாதத்து மண் காய்ந்து கம்பியைப் பிடிக்காது. குடத்தில் உப்புத் தண்ணீர் கரைத்து ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஊற்றினால்தான் மீட்டர் முள் ஆடாமல் நிற்கும். வெளிக்கம்பி இரண்டு வழியாகத் தெரிந்த அளவு மின்னோட்டத்தை மண்ணுக்குள் விடுகிறோம். உள்கம்பி இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று பார்க்கிறோம். ஒன்றை மற்றொன்றால் வகுத்து, கம்பிகளின் இடைவெளிக்கான காரணியால் பெருக்கினால் பூமிக்குள் மின்தடை என்னவென்று தெரிந்துவிடுகிறது. காய்ந்த கெட்டிப் பாறை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். ஈரம் பாய்ந்த சிதைவுப் பாறை நூறைச் சுற்றி இறங்கி வரும். மின்னோட்டம், மின்னழுத்தம் இரண்டும் கையில் இருப்பதால்தான் இந்தக் கணக்கு நடக்கிறது.

துருவ ஒளி வானத்துக்குக் கீழே நிற்கும் காந்தமானிக்கு அந்த வசதி இல்லை. மேலே ஓடும் மின்னோட்டம் தரையில் உண்டாக்கும் காந்தப்புலம் மட்டும்தான் அதற்குத் தெரியும். மின்னோட்டத்தை ஓட்டிய மின்புலம் எவ்வளவு என்று அது சொல்லாது. பாதிக் கணக்கு காணாமல் போயிருக்கிறது. இந்த நிகழ்வில் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

மேலே என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். 100 முதல் 130 கிலோமீட்டர் உயரம் வரை ஒரு விசித்திரமான பகுதி. காற்று மிக மெல்லியது, ஆனாலும் இருக்கிறது. 110 கிலோமீட்டருக்கு அருகே அயனிகள் காற்று மூலக்கூறுகளில் மோதி மோதித் தேங்கிவிடுகின்றன. எலக்ட்ரான்களுக்கு அந்த மோதல் பெரிய தடையில்லை. அவை மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் குறுக்காக நழுவிப் போகின்றன. அயனிகள் நிற்க எலக்ட்ரான்கள் மட்டும் போவதால் வருவது ஹால் மின்னோட்டம். இன்னும் கொஞ்சம் மேலே, 125 கிலோமீட்டரைச் சுற்றி, அயனிகள் மோதும் வேகமும் காந்தப்புலத்தில் சுழலும் வேகமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அங்கே அயனிகள் மின்புலத்தின் திசையிலும் நகர்கின்றன. அந்தத் திசையில் ஓடுவது பெடர்சன் மின்னோட்டம். ஒவ்வொரு உயரத்திலும் உள்ள கடத்துத்திறனைக் கீழிருந்து மேலாகக் கூட்டினால் கிடைக்கும் தொகைக்கு அலகு சீமன்ஸ். ஹாலுக்கு ஒரு தொகை, பெடர்சனுக்கு ஒரு தொகை. தேடுவது இந்த இரண்டையும்தான்.

நள்ளிரவை ஒட்டி, தெற்கு நோக்கிய மின்புலம் இருக்கும்போது எலக்ட்ரான்கள் கிழக்கே நழுவும். மின்னோட்டம் மேற்கே ஓடும். இதுதான் மேற்கு நோக்கிய துருவ மின்தாரை. அதற்குக் கீழே நிற்கும் காந்தமானியில் கிடைக்கூறு சரியும். நம் 500 அந்தச் சரிவு.

500-லிருந்து ஆம்பியருக்கு

முதல் படி, அமைதி நாள் அளவைக் கழிப்பது. அது ஏற்கெனவே கழித்தாகிவிட்டது. அடுத்தது பலர் தாண்டிப் போய்விடும் படி. மேலே மின்னோட்டம் மாறும்போது பூமிக்குள்ளும் மின்னோட்டம் தூண்டப்படும். அதன் காந்தப்புலமும் மீட்டரில் ஏறும். கிடைக்கூற்றில் மூன்றில் ஒரு பங்கு பூமிக்குள்ளிருந்து வருகிறது என்று கழிப்பது பழைய வழக்கம். நிஜத்தில் அந்தப் பங்கு பாறையைப் பொறுத்தது. கடற்கரையில் ஒன்று, கெட்டிப் பாறையில் வேறொன்று. தரைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தே வயிறு கழுவுகிறவனுக்கு, மூன்றில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது கொஞ்சம் உறுத்தும். வேறு தகவல் இல்லாதபோது அதுதான் கதி.

கழித்தால் மேலிருந்து வந்தது சுமார் 333 நானோடெஸ்லா. மின்னோட்டம் எல்லையில்லாத ஒரு தகடாகப் பரந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் விடை உடனே வரும். காந்தப்புலத்தின் இரு மடங்கை வெற்றிடக் காந்த மாறிலியால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 0.53 ஆம்பியர்.

தகடு எல்லையில்லாதது என்பது மாணவர்களுக்காகச் சொல்லும் பொய். மின்தாரைக்கு அகலம் உண்டு. அது 220 கிலோமீட்டர் அகலமான பட்டை, நிலையம் அதன் நடுக்கோட்டுக்கு நேர் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 கிலோமீட்டர் உயரத்தில் அந்தப் பட்டை தரும் புலம், எல்லையில்லாத் தகடு தருவதில் சரிபாதி. அதே 333-ஐ உண்டாக்க மீட்டருக்கு 1.06 ஆம்பியர் வேண்டும். பட்டை முழுவதும் கூட்டினால் 2.3 லட்சம் ஆம்பியர். அகலத்தைப் பற்றி எடுத்த ஒரே ஒரு முடிவு விடையை இரட்டிப்பாக்கிவிட்டது. ஒற்றை நிலையத்தை நம்பாமல் வடக்கு தெற்காக வரிசையாக நிலையங்கள் வைப்பதற்குக் காரணம் இதுதான். ஸ்காண்டிநேவியாவில் இமேஜ் என்ற காந்தமானித் தொடர் அப்படித்தான் நிற்கிறது. செங்குத்துக்கூறு எந்த இடத்தில் குறி மாறுகிறது என்று பார்த்து மின்தாரையின் நடுக்கோட்டைப் பிடித்துவிடலாம்.

மின்னோட்டம் வந்துவிட்டது. இனி மின்புலத்தால் வகுக்க வேண்டும். மின்புலம் மீட்டருக்கு 20 மில்லிவோல்ட் என்றால் ஹால் தொகை 26 அல்லது 27 சீமன்ஸ். 50 மில்லிவோல்ட் என்றால் 11-க்கும் கீழே. துருவ ஒளிப் பகுதியில் இரண்டும் சகஜமான அளவுகள்தான். அகலத்தால் வந்த சந்தேகத்தையும் சேர்த்துக்கொண்டால் 11-லிருந்து 53 வரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். இங்கேதான் அனுபவச் சூத்திரம் உள்ளே வருகிறது.

சட்டானிக்காவின் சாட்சி

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கத்தில் சட்டானிக்கா என்ற இடத்தில் 1971 முதல் 1982 வரை ஒரு பெரிய ரேடார் இயங்கியது. கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. பின்னர் அதைக் கழற்றி கிரீன்லாந்துக்கு எடுத்துப் போனார்கள். அயனி மண்டலத்து எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறித் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியை அது பிடிக்கும். அதிலிருந்து எந்த உயரத்தில் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிடலாம். அந்த எண்ணோடு காற்று மாதிரியிலிருந்து மோதல் வேகத்தைச் சேர்த்தால் கடத்துத்திறன் கிடைக்கும், உயரவாரியாகக் கூட்டினால் சீமன்ஸ். எதிரொலியின் அதிர்வெண் நகர்விலிருந்து மின்புலமும் தெரிந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே ஃபேர்பேங்க்ஸில் காலேஜ் என்ற பழைய காந்த நிலையம். ஒரே வானத்தை ரேடார் மேலே பார்க்க, காந்தமானி கீழிருந்து உணர்ந்துகொண்டிருந்தது.

1983-இல் ப்யுங்-ஹோ ஆன், ராபின்சன், கமிதே, அகசோஃபு நால்வரும் ரேடார் தந்த கடத்துத்திறனையும் தரையில் பதிவான காந்த விலகலையும் (நம் 500 போன்ற சரிவு) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் உறவைப் பிடித்தார்கள். காந்த விலகலை ஏதோ ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்கினால் கடத்துத்திறன். 1998-இல் ஆனும் கூட்டாளிகளும் சட்டானிக்கா ரேடாரையும் காலேஜ் நிலையத்தையும் மீண்டும் சேர்த்து அந்த உறவைத் திருத்தினார்கள்.

அந்த அடுக்கு பொதுவாக ஒன்றுக்குக் குறைவு. காரணத்தை யோசித்தால் பிடிபடும். காந்த விலகல் இரட்டிப்பானால் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. அந்த இரட்டிப்பில் ஒரு பங்கைக் கடத்துத்திறன் ஏற்றுக்கொள்கிறது, மறு பங்கை மின்புலம் ஏற்றுக்கொள்கிறது. சூத்திரத்துக்குள் மின்புலம் என்று ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆனாலும் அலாஸ்கா வானத்தில் பல இரவுகளில் அந்தப் பங்கீடு சராசரியாக எப்படி நடந்தது என்ற நினைவு அந்த அடுக்கில்தான் ஒளிந்திருக்கிறது. காணாமல் போன பாதிக் கணக்கை சூத்திரம் புதிதாக அளக்கவில்லை. வேறொரு நாள் வேறொருவர் அளந்ததைக் கடனாக வாங்கி வைத்திருக்கிறது. அந்தக் கடன் செல்லுபடியாகும் வானத்தில் மட்டுமே சூத்திரமும் செல்லுபடியாகும்.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஹால் தொகைய நம்பலாம், பெடர்சன் தொகைய அதுக்கும் மேல நம்பலாம், ஏன்னா பெடர்சன்தான மின்புலத்தோட திசையிலயே ஓடுது?” என்றார். கெட்டிக்காரக் கேள்விதான். விடை நேர் எதிர்.

தரைக்குத் தெரியாத மின்னோட்டம்

காந்தப்புலக் கோடுகள் வழியாக விண்வெளியிலிருந்து மின்னோட்டம் இறங்கி, அயனி மண்டலத்தில் குறுக்கே ஓடி, வேறொரு பக்கம் மேலே ஏறிப் போகிறது. 1908-இல் நார்வேயின் பிர்க்லாண்ட் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1970-களில் டிரையாட் செயற்கைக்கோளின் காந்தமானிப் பதிவுகள் வந்த பிறகு வாதம் முடிந்தது. அந்த இறங்கும், ஏறும் மின்னோட்டங்களைக் குறுக்கே இணைப்பது பெரும்பாலும் பெடர்சன் மின்னோட்டம்.

புகுஷிமா என்ற ஜப்பானியர் காட்டிய ஒரு முடிவு இங்கே அடிமடியில் கை வைக்கிறது. கடத்துத்திறன் எங்கும் சீராக இருந்து, காந்தக்கோடுகள் செங்குத்தாக இறங்கினால், கோட்டு வழி மின்னோட்டமும் பெடர்சன் மின்னோட்டமும் சேர்ந்து தரையில் உண்டாக்கும் காந்தப்புலம் பூஜ்யம். ஒன்று மற்றொன்றை அடித்துவிடுகிறது. தரையில் தெரிவது ஹால் மின்னோட்டம் மட்டும். நிஜ வானத்தில் கடத்துத்திறன் சீராக இருக்காது என்பதால் அந்த அழிப்பு முழுமையாக நடக்காது. ஆனாலும் தரைக் காந்தமானி பார்ப்பதில் பெரும்பங்கு ஹால்தான்.

அப்படியானால் காந்த விலகலிலிருந்து பெடர்சன் தொகையைச் சொல்லும் சூத்திரம் எதைப் பார்த்துச் சொல்கிறது? பெடர்சன் மின்னோட்டத்தைப் பார்த்து அல்ல. மேலிருந்து எலக்ட்ரான் மழை கொட்டினால், அதாவது விண்வெளியிலிருந்து எலக்ட்ரான்கள் இறங்கிக் காற்றை அயனியாக்கினால், ஹாலும் ஏறும், பெடர்சனும் ஏறும். ஹால் ஏறியதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் பெடர்சனும் இவ்வளவு ஏறியிருக்கும் என்று ஊகிக்கிறது. அண்ணனின் மார்க்கைப் பார்த்துத் தம்பியின் மார்க்கைச் சொல்கிற வேலை.

அந்த ஊகம் எவ்வளவு ஆடும் என்பதற்கு 1987-இல் ராபின்சனும் சகாக்களும் தந்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். இறங்கும் எலக்ட்ரான்களின் சராசரி ஆற்றலும் அவை கொண்டுவரும் ஆற்றல் பாயமும் (ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு இறங்கும் ஆற்றல்) தெரிந்தால் இரண்டு தொகைகளையும் அது தரும். பாயத்தை சதுர மீட்டருக்கு 4 மில்லிவாட் என்று மாற்றாமல் வைத்துக்கொண்டோம். சராசரி ஆற்றல் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் பெடர்சன் 8, ஹால் 6.5 சீமன்ஸ். 5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் பெடர்சன் 9.8, ஹால் 17. 10 என்றால் பெடர்சன் 6.9-க்கு இறங்குகிறது, ஹால் 22-க்கு ஏறுகிறது. வலுவான எலக்ட்ரான்கள் ஆழமாக, பெடர்சன் அடுக்கைத் தாண்டி ஹால் அடுக்குக்கே இறங்கிவிடுவதுதான் காரணம். ஹாலுக்கும் பெடர்சனுக்கும் உள்ள விகிதம் 0.8-லிருந்து 3.2 வரை அலைகிறது. காந்தமானிக்குத் தெரிவது ஹால் மட்டும்தான் என்றால், இந்த விகிதம் தெரியாமல் பெடர்சனை எப்படித் தொட முடியும்?

விண்வெளிக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுவதும் இந்தப் பெடர்சன்தான் என்பது தலைவிதி. மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கும் ஜூல் வெப்பம் என்பது பெடர்சன் தொகையை மின்புலத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. நம் 0.53 ஆம்பியரையே எடுங்கள். விகிதம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்புலம் 20 மில்லிவோல்ட் என்றால் பெடர்சன் 13.3, வெப்பம் சதுர மீட்டருக்கு 5.3 மில்லிவாட். மின்புலம் 50 என்றால் பெடர்சன் 5.3-க்கு இறங்குகிறது, வெப்பம் 13.3-க்கு ஏறுகிறது. காந்தமானியில் அதே 500. வெப்பத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 கீழே விழுந்தது பெரிய புயலால்கூட அல்ல. சுமாரான ஒரு புயலில் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பியதால் தாழ்வான பாதையில் இருந்தவற்றுக்கு இழுவை கூடிவிட்டது. அந்தச் சூட்டைக் காந்தமானி எண்ணிலிருந்து மட்டும் முன்கூட்டிச் சொல்லப் போகிறவர்கள் மேலே உள்ள இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கமிதே, ரிச்மண்ட், மட்சுஷிதா மூவரும் 1981-இல் தந்த முறை பற்றியும் ஒரு வார்த்தை. பல நிலையங்களின் காந்த விலகலையும் ஒரு கடத்துத்திறன் வரைபடத்தையும் உள்ளே கொடுத்தால் மின்புலத்தையும் கோட்டு வழி மின்னோட்டத்தையும் அது வெளியே தரும். அழகான முறை. ஆனால் உள்ளே கொடுக்கும் கடத்துத்திறனையும் அதே காந்த விலகலிலிருந்தே எடுத்தால், ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுகிற கதைதான். இரண்டாவது முறையும் அவர் அதையேதான் சொல்வார். 1988-இல் ரிச்மண்டும் கமிதேயும் ரேடார், செயற்கைக்கோள் அளவுகளையும் சேர்த்துக்கொள்ளும் வகையில் விரித்த முறை இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

தென்னிந்தியப் பத்தி ஏன் அடிபட்டது

இப்போது தம்பியின் இரண்டாவது பத்தி. நம் பக்கத்து நிலையத்தில் கிடைக்கூறு சில நூறு நானோடெஸ்லா சரிந்தது நிஜம். குறியும் மைனஸ்தான், துருவ மின்தாரைக்கு வருகிற அதே குறி. சூத்திரத்துக்கு எண்தான் தெரியும், ஊர் தெரியாது. போட்டதும் அது சீமன்ஸைத் துப்பிவிட்டது.

ஆனால் நம் பக்கம் சரிவை உண்டாக்கியது தலைக்கு மேல் 110 கிலோமீட்டரில் ஓடிய மின்னோட்டம் அல்ல. பூமியைச் சுற்றி, பூமியின் ஆரத்தைப் போல பல மடங்கு தூரத்தில் ஓடும் வளைய மின்னோட்டம். புயலில் அது கொழுத்து மேற்கு நோக்கி ஓடி, பூமத்திய ரேகைப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கிடைக்கூற்றை இழுத்துவிடுகிறது. டிஎஸ்டி குறியீடு காட்டுவது இதைத்தான். அயனி மண்டலக் கடத்துத்திறனோடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது.

பதிவின் வடிவத்திலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். துணைப்புயலின் சரிவு வெடுக்கென்று விழுந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே மீண்டுவிடும். வளைய மின்னோட்டத்தின் சரிவு பல மணி நேரம் இறங்கி, நாள் கணக்கில் மெதுவாக ஏறும். தம்பியின் இரண்டு வரைபடங்களையும் ஒரே நேர அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும் அவரே சிரித்துவிட்டார்.

ஹான்லே படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். “சிவப்பு தெரிஞ்சிருக்கே, அப்ப மேல கண்டக்ட் ஆயிருக்கணும்ல?” என்பது அவருடைய கடைசி ஆயுதம். அந்தச் சிவப்பு ஆக்ஸிஜனின் 630 நானோமீட்டர் ஒளி. 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிக மெல்லிய உயரத்தில் வருவது. ஹாலும் பெடர்சனும் குடியிருப்பது அதற்கு வெகு கீழே. துருவ ஒளியின் பச்சை, அதாவது 557.7 நானோமீட்டர் ஒளி, 100 முதல் 150 கிலோமீட்டர் வாக்கில் வருகிறது. கடத்துத்திறனுக்கு ஒளியைச் சாட்சியாகக் கூப்பிடுவதானால் பச்சையைத்தான் கூப்பிட வேண்டும். ஹான்லேயிலேயே அப்படி என்றால் கிருஷ்ணகிரிக்கு என்ன மிச்சம்? ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த இரவில் இந்த விஷயத்தில் அதற்கு வேலை இருந்திருக்காது.

நம் வானத்துக்கென்று தனியாக ஒரு மின்தாரை இருக்கிறது என்பதையும் தம்பி சேர்த்துக்கொண்டார். காந்தக்கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதற்கு மேலே பகலில் கிழக்கு நோக்கி ஓடும் பூமத்திய மின்தாரையைத் திருநெல்வேலியில் இருக்கும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலையம் கவனித்துவருகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும் இந்த நடுக்கோடுதான் காரணம். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அந்த மின்தாரைப் பட்டையின் வடக்கு ஓரத்தைக் கொஞ்சம் தாண்டிக் கிடக்கின்றன. அந்தப் பட்டையில் கடத்துத்திறனைக் கொடுப்பது எலக்ட்ரான் மழை அல்ல, சூரிய ஒளி. காந்தக்கோடுகள் கிடையாகப் படுத்திருப்பதால் ஹால் மின்னோட்டம் மேலே கீழே ஓட முடியாமல் தேங்கி, கிழக்கு மேற்கு ஓட்டத்துக்கு உரம் போடுகிறது. கௌலிங் கடத்துத்திறன் என்பது அது. செங்குத்துக் கோடுகள் உள்ள அலாஸ்காவில் வாங்கிய கடன் இங்கே செல்லாது.

சூரியன் என்றதும் இன்னொன்று. வட அட்சரேகை நிலையத்தில் மே மாதம் இரவே குறைவு. எலக்ட்ரான் மழையோடு வெயிலும் கடத்துத்திறனைக் கொடுத்துக்கொண்டிருக்கும். தம்பி இரண்டையும் சும்மா கூட்டியிருந்தார். அப்படிக் கூட்டக்கூடாது. அந்த உயரத்தில் எலக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்து மறையும் வேகம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. உற்பத்தியைத்தான் கூட்டலாம், அடர்த்தியைக் கூட்ட முடியாது. ஆகவே வெயிலின் பங்கு 8 சீமன்ஸ், மழையின் பங்கு 10 என்றால் மொத்தம் 18 வராது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 12.8.

ரிப்போர்ட்டில் கடைசியாக நின்றவை

வட அட்சரேகைப் பத்தி மட்டும் தங்கியது, அதுவும் மூன்றாக உடைந்து. முதலாவது, மின்னோட்ட அடர்த்தி. அகலமான தகடு, 220 கிலோமீட்டர் பட்டை என இரண்டு கற்பனைக்கும் தனித்தனி எண்ணோடு. இது காந்தமானி நேரடியாகச் சொன்னதற்கு மிக அருகில் இருப்பது. இரண்டாவது, ஹால் தொகை. அனுபவச் சூத்திரத்தின் விடையை நடுவில் வைத்து, மின்புலம் 20-லிருந்து 50 மில்லிவோல்ட் வரை இருந்தால் அது எங்கிருந்து எங்கு வரை நகரும் என்ற எல்லைகளோடு. மூன்றாவது, பெடர்சன் தொகை. இதற்கு எல்லை போடாமல், ‘ஹாலிலிருந்து ஊகித்தது, விகிதம் அளக்கப்படவில்லை’ என்ற குறிப்பு. ஜூல் வெப்பத்துக்கான அட்டவணையை எடுத்துவிடச் சொன்னேன். வழிகாட்டி கேட்டால் மேலே போட்ட இரண்டரை மடங்குக் கணக்கைக் காட்டு என்றேன். எடுக்க மனசில்லாமல் பின்னிணைப்பில் போட்டிருக்கிறார். அது அவருடைய உரிமை.

தென்னிந்தியப் பத்திக்கு வேறு தலைப்பு வந்தது: வளைய மின்னோட்டத்தின் விளைவு. அதில் சீமன்ஸ் கிடையாது, நானோடெஸ்லா மட்டும்.

சரிபார்க்க ஒரு வழி திறந்தே இருக்கிறது. சட்டானிக்கா ரேடார் போய்விட்டாலும், அதே பக்கத்தில் போக்கர் ஃப்ளாட்டில் 2007 முதல் புதிய ரேடார் ஒன்று வேலை செய்கிறது. நார்வேயில் ட்ரோம்சோ ரேடாரின் பதிவுகளும் உண்டு. ரேடார் இயங்கிய நாளாகவும், பக்கத்தில் காந்தமானிப் பதிவு உள்ள நாளாகவும், சூரியன் முழுக்க அடங்கிய குளிர்கால இரவாகவும் பார்த்து ஒரு துணைப்புயலைத் தேர்ந்தெடுத்தால், மின்புலமும் ஹால், பெடர்சன் விகிதமும் ஊகமில்லாமல் கையில் கிடைக்கும். அடுத்த செமஸ்டருக்கு அதையே எடுக்கிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார். மே மாதப் புயலைவிடப் பத்தில் ஒரு பங்கு பேர்கூட அந்த இரவைக் கவனித்திருக்க மாட்டார்கள். கணக்குக்கு அதுதான் தோதானது.